செக்கிங் அக்காவின் பிற்பகல்

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பெண்மணியைச் செக்கிங் அக்கா என்றுதான் எல்லோரும் அழைப்போம். ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் ஆலை ஒன்றின் செக்கிங் பிரிவில் அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். இருப்பினும் எனக்கும் அவர் அக்காதான்.

அவருடைய வேலையைச் சொல்லிவிட்டால் அவரைப் பாதி சொல்லியதாகும். தைத்து முடித்த சட்டை அவருடைய மேசைக்கு வரும். காலர், கைப்பட்டி, பட்டன், பை, அடியோரம் என்று ஒவ்வோர் இடமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருக்கலாம், எண்ணெய்க் கறை பட்டிருக்கலாம், ஒரு பட்டன் நூலிழை அளவு விலகியிருக்கலாம். குறை தென்பட்டால், சுண்டுவிரல் நக அளவே உள்ள சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றைக் குறைக்கு நேராக ஒட்ட வேண்டும். பிறகு சட்டையை இரண்டு கூடைகளில் ஒன்றில் போட வேண்டும். திருத்தினால் சரியாகும் என்றால் ஆல்டர் கூடை. ஆகாது என்றால் ரிஜெக்ட் கூடை. வாய் திறந்து ஒரு சொல் பேசக் கூடாது. பேசினால் தைத்தவருக்கும் பார்த்தவருக்கும் சண்டை மூளும் என்பதால், சொல்ல வேண்டியதை அம்பே சொல்ல வேண்டும் என்பது அந்த ஆலையின் விதி.

இருபத்திரண்டு ஆண்டுகள் அவ்வாறு வேலை செய்தவருக்கு இரண்டு வழக்கங்கள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. ஒன்று, தம் பக்க நியாயத்தை விளக்கிப் பேசத் தெரியாமல் போயிற்று. மற்றொன்று, கண் எங்கே போனாலும் குறையையே தேடிற்று. பேருந்தில் முன்னால் நிற்பவரின் காலர், வங்கி வாசலில் தொங்கும் திரையின் ஓரம், மருத்துவர் அணிந்திருக்கும் கோட்டின் பை என்று எதையும் அவரால் சும்மா பார்க்க இயலவில்லை. கண்ணை மூடினால் இமைக்குள்ளும் தையல் ஓடியது. ஸ்டிக்கர்களோ அவருடைய பையிலும் தலைமுடியிலும் குதிகாலிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்தன.

அவருடைய கணவர் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் ஓயாதவர். ஒரு நாள் படியிறங்கி வந்தவரின் முதுகில் சிவப்பு அம்பு ஒன்று இருந்ததை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"பாத்தீங்களாம்மா? கட்டின புருசனையே ரிஜெக்ட் பண்ணிட்டா. கேட்டா, தானா ஒட்டிக்கிச்சுன்னு சொல்லுவா" என்றார் அவர்.

ஆலையில் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கும்; ஓவர்டைம் முடிந்து வெளியே வரும்போது இருட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாதிக்குமேல் ஆலைக்குத்தான்; மீதி தூக்கத்தில் போகும். அக்கா அதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. களைப்பு என்பது அவருக்கு ஒரு நிலையாக இல்லாமல் உடம்பின் நிறம்போல ஆகிவிட்டிருந்தது. ஒரே மகனும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான்.

ஒருமுறை, இஸ்திரி போடும் பகுதிக்கு நீராவி தரும் கொதிகலன் பழுதாகி, ஆலைக்கு ஐந்து நாள் விடுமுறை விட்டார்கள். முதல் இரண்டு நாள்கள் அக்கா தூங்கினார். மூன்றாம் நாள் வீடு பெருக்கி, துணி மடித்து, வேறு வேலை ஒன்றும் அகப்படாமல் ஜன்னல் ஓரம் தரையில் உட்கார்ந்தார். மூன்று மணி இருக்கும். எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து வெயில் வெளிப்பட்டு, ஜன்னல் வழியாக உள்ளே வந்து தரையில் விழுந்தது. மெல்ல நகர்ந்து கட்டில் காலைத் தொட்டது. சுவரில் ஏறிற்று. நாலரை மணிக்கு மறைந்தது. அவ்வளவு நேரமும் அவர் அசையவில்லை.

"இந்த வெயில் தெனமும் வருமா?" என்று கணவரிடம் கேட்டார்.

"பதினாலு வருசமா வருது. நீதான் வர்றதில்ல."

அந்தப் பதில் அக்காவைத் தைத்துவிட்டது. பதினான்கு ஆண்டுகள் வாடகை கொடுத்துக் குடியிருந்த வீட்டில், பிற்பகல் என்று ஒரு பொழுது இருப்பதையே அவர் அறிந்திருக்கவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மூன்று மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தார். அந்த ஒன்றரை மணி நேரம் தம் கண் எதையும் தேடவில்லை என்பதை விடுமுறையின் கடைசி நாள்தான் உணர்ந்தாராம்.

விடுமுறை முடிந்து ஆலைக்குத் திரும்பிய வாரத்தில் மேலாளர் அவரை அழைத்து, செக்கிங் பிரிவுக்கே தலைமைப் பொறுப்பு தருவதாகச் சொன்னார். சம்பளம் ஏறக்குறைய இரு மடங்கு. நேரம் மட்டும் முன்பின்னாக இருக்கும் என்றார். முன்பின் என்றால் முன்னும் இல்லை, பின்னும் இல்லை, எல்லா நேரமும் என்பது அக்காவுக்குத் தெரியும். ஒரு மாதம் யோசித்தார். யோசித்துவிட்டு வேலையையே விட்டுவிட்டார்.

விட்ட பிறகு வேறு வேலை தேட வேண்டியிருந்தது. கணவரின் ஓய்வூதியம் வாடகைக்கும் மருந்துக்கும் சரியாகப் போகும்; மற்றவற்றுக்கு அக்காவின் சம்பாத்தியம் வேண்டும். ஆனால், இம்முறை அவர் தேடியது சம்பளத்தை அன்று. பிற்பகல் இரண்டு மணிக்கு விட்டுவிடும் வேலை எதுவாயினும் சரி. கூலி குறைந்தாலும் சரி. இவ்வளவுதான் அவருடைய நிபந்தனை. இதைப் பெரிய கோரிக்கை என்று அவர் நினைக்கவில்லை. அங்கேதான் தவறினார்.

முதலில் சென்றது மற்றோர் ஏற்றுமதி ஆலை. அங்கிருந்த மேலாளர், அவருடைய அனுபவத்தைக் கேட்டதும் எழுந்து நின்று நாற்காலி போட்டார். இரண்டு மணி என்றதும் சிரித்தார்.

"சாப்பிட்டுட்டுக் கைய தொடச்சுக்கிட்டுக் கிளம்பிடுவீங்களா? நல்ல வேலையா இருக்கே. அப்படி எங்கயாவது இருந்தா எனக்கும் ஒண்ணு பாத்துச் சொல்லுங்க."

இரண்டாவது, ஒரு பெரிய மருத்துவமனையின் துணிக் கிடங்கு. போர்வைகளையும் நோயாளிகளின் அங்கிகளையும் கிழிசல் பார்த்துப் பிரிக்கும் வேலை. ஆள் எடுக்கும் பொறுப்பிலிருந்த இளம்பெண் கணினியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ரெண்டு மணிக்கு ஏன் போகணும்? குழந்தைங்க சின்னவங்களா?"

"இல்லைம்மா. பையன் வேலைக்குப் போயிட்டான்."

"உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அசதிதான்."

"அசதி எல்லாருக்கும் இருக்குங்க. சம்பளம் பத்தலேன்னா சொல்லுங்க, கொஞ்சம் கூட்டித் தரச் சொல்றேன்."

"கூட்ட வேண்டாம்மா. கொறைச்சே குடுங்க. ரெண்டு மணிக்கு விட்டுடுங்க."

அப்போதுதான் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாளாம். கடையில் இல்லாத சரக்கைக் கேட்டு நிற்பவரைக் கடைக்காரர் பார்ப்பதைப் போன்ற பார்வை. "சொல்லி அனுப்பறோம்" என்றாள். சொல்லி அனுப்பவில்லை.

அக்காவின் தங்கை எதிர்த்தெருவில் இருக்கிறாள். ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். வெடுக்கென்று பேசுவாள் என்றாலும் அக்காவின்மீது உயிர். அவள்தான் அன்று மாலை வந்து அறிவுரை சொன்னாள்.

"ஏங்க்கா, உனக்கு மூளை இருக்கா? சும்மா உக்கார்றதுக்கு நேரம் வேணும்னு கேட்டா எவன் குடுப்பான்? ஒரு காரணத்தச் சொல்லு."

"இருக்கற காரணத்தத்தான சொல்றேன்."

"அது காரணம் இல்ல, ஆசை. காரணம்னா அடுத்தவங்களுக்காக இருக்கணும். புள்ளைக்காக, புருசனுக்காக, யாராவது படுத்துக் கெடக்காங்கன்னு. நான் பொய் சொல்லச் சொல்லல. காரணம்தான் சொல்லச் சொல்றேன்."

மூன்றாவது இடம் ஒரு சீருடைக் கடை. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் எட்டுத் தையல் இயந்திரங்கள். பள்ளிச் சீருடைகளும், செவிலியர் உடுப்புகளும் தைத்தார்கள். ஜன்னல் அருகே ஒரு நீள மேசையும், அதனடியில் இரண்டு கூடைகளும் இருந்ததைக் கண்டதுமே அக்காவுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. கடையை நடத்தியவர் ஐம்பது வயதுப் பெண்மணி. தையற்காரர்கள் அவரை முதலாளியம்மா என்றார்கள். அவர் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். அதன் கடைசி வரியில், 'நேரச் சலுகை கேட்பதாயின் அதற்கான காரணம்' என்று அச்சிட்டு ஒரு கோடு போட்டிருந்தது. அக்கா பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார்: 'மாமியார் படுத்த படுக்கை.'

முதலாளியம்மா அதைப் படித்ததும் அவர் முகம் மாறிற்று.

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளா" என்றார் அக்கா.

"எங்கம்மா நாலு வருசம் கெடந்தாங்க. போன வருசம்தான் போனாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். ரெண்டு மணிக்குக் கிளம்பிக்குங்க. சம்பளம் அதுக்குத் தகுந்த மாதிரி கொறைவாத்தான் இருக்கும்."

"அது போதும்மா."

இவ்வாறு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் காலமான ஒருவர் மீண்டு வந்து படுக்கையில் விழுந்தார்.

வேலை அக்காவுக்குக் கைவந்தது. பழைய ஆலையிலிருந்து மிஞ்சிய அம்பு ஸ்டிக்கர்ச் சுருள் ஒன்றை எடுத்துப் போய், இங்கும் அதே முறையைக் கொண்டுவந்தார். ஒரு மாதத்தில் கடைக்குத் திரும்பி வரும் துணிகள் பாதியாகக் குறைந்தன. இரண்டு மணிக்குக் கிளம்பி, இருபது நிமிடம் நடந்து, மாடியேறி, முகம் கழுவி, மூன்று மணிக்கு ஜன்னலருகே உட்கார்ந்துவிடுவார். கைபேசி அடித்தால் எடுக்க மாட்டார். கையில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். வீட்டில் கைக்கும் வாய்க்குமாக இருந்தது. அரைக்கும் இயந்திரம் பழுதாகி மூன்று மாதம் மூலையில் கிடந்தது. அது குறித்து அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. களைப்பு தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. இருபத்திரண்டு ஆண்டுக் களைப்பு ஒன்றரை மணி நேரத்தில் தீருமா? அன்றன்றைய களைப்பு அன்றன்றைக்கு இறங்கியது, அவ்வளவுதான்.

ஆனால், முதலாளியம்மா நல்லவராக இருந்தது பெரிய சங்கடமாயிற்று. நாள்தோறும் காலையில் மேசையருகே வந்து, "இன்னைக்கு எப்படி இருக்காங்க?" என்று கேட்பார்.

"அப்படியேதாம்மா இருக்காங்க" என்பார் அக்கா. அந்த ஒரு பதிலில் மட்டும் பொய் இல்லை.

"ரெண்டு மணிக்கொரு தடவ திருப்பிப் படுக்க வெக்கறீங்கல்ல? இல்லேன்னா முதுகு புண்ணாயிடும்."

"சரிம்மா."

முதலாளியம்மா தம் தாய்க்கு வாங்கிய படுக்கைப் புண் பொடியைக் கொடுத்தார். மெத்தைமேல் விரிக்கும் ரப்பர் விரிப்பைக் கழுவி, மடித்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அக்கா அவற்றைப் பிரிக்காமல் பரணில் வைத்தார். மூன்றாம் மாதம் கடையின் சின்ன வண்டியில் ஒரு சக்கர நாற்காலியே வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டது. அக்கா அப்போது கடையில் இருந்தார்; வீட்டிலிருந்த நடத்துநர் கையெழுத்திட்டு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"யாருக்கு இது?"

"உங்கம்மாவுக்கு."

அக்கா முழுக்கதையையும் சொல்லி முடிக்கும்வரை அவர் வாய் திறக்காமல் கேட்டார். அவருடைய வாழ்க்கையில் அத்தனை நேரம் அவர் பேசாமல் இருந்தது அதுவே முதல்முறையாக இருக்கக்கூடும்.

"எங்கம்மா ஒரு நாள் படுத்ததில்லடி. காலைல எழுந்து நடந்து போய்த் தண்ணி புடிச்சுட்டு வந்து, உக்காந்தபடியே போய்ச் சேந்தவ. அவளப் போயி படுக்கையில போட்டுட்டியே. படுக்க வெக்கணும்னா உங்கம்மாவப் படுக்க வெக்கறது?"

"எங்கம்மாவ எப்படிங்க..." என்று அக்கா தொடங்கி, தாம் சொல்ல வந்தது இன்னதென்று தமக்கே விளங்கியதும் நிறுத்திக்கொண்டார். நடத்துநர் சிரித்துவிட்டார். அதனால் பிழைத்தார்.

அன்று தொட்டு அந்த நாற்காலிக்கு இரண்டு ஷிப்ட் ஆயிற்று. காலையில் நடத்துநர் அதில் அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்பார். மூன்று மணிக்கு அக்கா அதை ஜன்னலருகே உருட்டிச் சென்று உட்காருவார். வெயில் நகர நகர, சக்கரத்தைச் சிறிது தள்ளி வெயிலோடு தாமும் நகரலாம். அத்தனை வசதியான நாற்காலி அந்த வீட்டில் அதற்குமுன் இருந்ததில்லை. வசதியாக இருந்ததே அவருக்குக் குத்தலாகவும் இருந்தது.

எட்டு மாதம் இவ்வாறு கழிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா கிளம்பும் நேரத்தில் முதலாளியம்மா மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி. ஆஸ்பத்திரி கோட்டு ஆர்டர் வந்திருக்கு. பெரிய ஆர்டர். நீங்க முழு நேரம் இருந்தாத்தான் ஆகும். சாயந்தரம் ஆறு வரைக்கும்."

"ரெண்டு மணிக்கு நான்..."

"அதத்தான் சொல்ல வர்றேன். எங்கம்மாவப் பாத்துக்கிட்ட பொண்ணு இருக்கு. தங்கமான பொண்ணு. அவகிட்டப் பேசிட்டேன். செவ்வாய்க்கிழமைலேருந்து உங்க வீட்டுக்கு வந்துடுவா. அவ சம்பளம் என்னோட பொறுப்பு. உங்க சம்பளத்தையும் கூட்டிடறேன். இனிமே நீங்க நிம்மதியா வேலை பாக்கலாம்."

அக்கா வழக்கமாகச் சொல்லும் "சரிம்மா"வைச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். சாலையைக் கடந்த பிறகுதான் தாம் எதற்குச் சரி சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்தது.

அன்று வெயிலில் உட்கார்ந்தும் பயனில்லை. தாம் எழுதிய காரணம் நல்ல காரணம்தான். ஆனால் காசு கொடுத்தால் தீர்ந்துவிடும் காரணம். ஆகவே, காசு கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள். கோபப்படவும் இடமில்லை.

நடத்துநர் நிலைமையைக் கேட்டுவிட்டு, தாடையைத் தடவியபடி யோசித்தார்.

"ஒரே வழிதான் இருக்கு. எங்கம்மாவ அனுப்பி வெச்சுடு. ஞாயித்துக்கெழம அனுப்பினா திங்கக்கெழம நீ லீவு போட்டுக்கலாம்."

"வெளையாடாதீங்க."

"வெளையாடலடி. நெசமாத்தான் சொல்றேன். அந்தம்மா ரெண்டு சொட்டு கண்ணீர் விடுவாங்க. பொய்யும் அதோட முடிஞ்சு போகும். யாருக்கும் மனசு நோகாது."

சனிக்கிழமை வேலைக்குப் போய் வந்தார். ஞாயிறு முழுவதும் அதையே எண்ணிக்கொண்டிருந்தார். மாமியார் உயிரோடு இருந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வந்துவிடும். இறந்துவிட்டால் பார்த்துக்கொள்ள வேண்டியவரே இல்லை. எப்படிப் பார்த்தாலும் ஆறு மணி. இரண்டு மணி வேண்டுமானால், முதல் இரண்டு இடங்களில் சொல்லி விரட்டப்பட்ட அதே உண்மையை, ஏமாற்றப்பட்ட ஒருவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். வேலையும் போகலாம். அதுபோல் இன்னொரு மேசையும் ஜன்னலும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் வயதும் அவருக்கு இல்லை.

திங்கட்கிழமை காலை, பொடியையும் ரப்பர் விரிப்பையும் ஒரு பையில் போட்டு நாற்காலியின்மீது வைத்து, அக்கா அதைத் தெருவில் தள்ளிக்கொண்டு நடந்தார். நான் காய்கறி வாங்கிக்கொண்டு எதிரே வந்தேன். ஆளில்லாத சக்கர நாற்காலிக்கு அனைவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர் ஒருவர், "யாருக்கும்மா?" என்று இரக்கத்தோடு கேட்டார். "எனக்குத்தாங்க" என்றார் அக்கா.

வழி நெடுகச் சொற்களைக் கோத்துக்கொண்டே போனாராம். முதலில் மன்னிப்பு, பிறகு காரணம், பிறகு வேண்டுகோள் என்று மூன்று பகுதி. கடையின் பின்வாசலில் நாற்காலியை ஏற்றியபோது முதலாளியம்மா திரும்பிப் பார்த்தார். வெறும் நாற்காலியைக் கண்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"ஐயோ... எப்போ?"

கோத்துவைத்த மூன்று பகுதியும் அக்காவுக்கு மறந்துபோயின. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை தெரிந்தது.

"ஒம்பது வருசம் ஆச்சும்மா."

முதலாளியம்மாவுக்கு அது விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் மேசை இழுப்பறையைத் திறந்து, பழைய விண்ணப்பப் படிவத்தைத் தேடி எடுத்து, அக்காவின் முன்னால் வைத்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கீங்க? படிங்க."

அக்கா படிக்கவில்லை. பைக்குள் கையை விட்டு, சுருளிலிருந்து ஓர் அம்பைக் கிழித்து, 'மாமியார் படுத்த படுக்கை' என்ற வரிக்கு நேராக ஒட்டினார். ஒட்டிவிட்டுப் படிவத்தை மேசையின்மேல் நகர்த்தி வைத்துக் கைகளைக் கட்டிக்கொண்டார். தவறு என்று ஒன்றைக் கண்டால் அவருக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். எந்தக் கூடை என்பதை அவர் முடிவு செய்யவில்லை.

"எங்கம்மா கட்டில்ல கெடந்த விரிப்பு அது. நானே கழுவி மடிச்சுக் குடுத்தேன்" என்றார் முதலாளியம்மா.

"பிரிக்கவே இல்லம்மா. பையில இருக்கு."

"அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்னுதான் உங்களுக்கு ரெண்டு மணி குடுத்தேன். இல்லேன்னா குடுத்திருப்பேனா?"

"குடுத்திருக்க மாட்டீங்கம்மா. அதனாலதான் எழுதினேன்."

"இப்பக்கூட, செத்துட்டாங்கன்னு சொல்லியிருக்கலாமே. நம்பியிருப்பேன். அழுதுகூட இருப்பேன்."

"சொல்லியிருக்கலாம்மா. சொல்லிட்டா அப்புறம் ஆறு மணி வரைக்கும் இருக்கணுமே."

பின்வரிசையில் யாரோ ஒரு தையற்காரர் சிரித்துவிட்டு, அதை இருமலாக்க முயன்றார். முதலாளியம்மா அந்தப் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்ததும் இருமலும் நின்றது.

"அப்படி என்னதான் பண்றீங்க ரெண்டு மணிக்கு மேல?"

"உக்காந்திருப்பேன்."

"யாரோட?"

"யாரோடயும் இல்ல. ஜன்னல்கிட்ட. வெயில் வரும்."

"வெயிலா? வெயிலுக்கா என்னை ஏமாத்தினீங்க?"

இருபத்திரண்டு ஆண்டுகள் பேசாமல் பழகிய வாய், தேடித் தேடிச் சொற்களை எடுத்தது.

"நாள் பூரா தப்பையே பாக்குற கண்ணும்மா இது. தெருவுல போனாலும் தையலத்தான் பாக்கும். அந்த நேரத்துல மட்டும் தேடறதுக்கு ஒண்ணும் இருக்காது. அப்படிக் கொஞ்ச நேரம் இருந்தாத்தான் மறுநாள் எழுந்து வர முடியுது. இதச் சொல்லித்தான் ரெண்டு எடத்துல வேலை கேட்டேன். யாரும் குடுக்கல."

முன்பக்கத்தில் வாடிக்கையாளர் யாரோ மணியடித்தார். முதலாளியம்மா போய்விட்டார்.

படிவம் எந்தக் கூடைக்கும் போகாமல் மேசையின்மேலேயே கிடந்தது. போகச் சொல்லவும் இல்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. அக்கா முன்னால் குவிந்திருந்த துணிகளை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். அன்று காலை முழுவதும் முதலாளியம்மா மேசைப் பக்கம் வரவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவர் தொலைபேசியில் பேசுவது மட்டும் கேட்டது. "இல்லம்மா, இப்ப வேண்டாம்... உன் மேல ஒண்ணும் இல்ல... வேற வீடு பாத்துச் சொல்றேன்." செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்த அந்தப் பெண்ணிடம்தான் பேசினார். தாம் எழுதிய ஒரு வரி, முகமே தெரியாத ஒரு பெண்ணுக்கு வேலையைக் காட்டி, வேலையைப் பறித்தும்விட்டது என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்பு ஒட்டிக் கூடையில் போட முடியாத குறை அது.

மணி இரண்டு ஆயிற்று. அக்கா எழவில்லை. எழலாமா என்று தெரியவில்லை. இரண்டு மூன்று நிமிடம் கழித்து முதலாளியம்மா வந்து மேசையருகே நின்றார். படிவத்தை எடுத்தார். ஆல்டர் கூடையில் போட்டார்.

"காரணம்னு இருக்கற எடத்த அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. வேற ஒண்ணும் எழுத வேண்டாம்."

"சரிம்மா."

"சம்பளம் இதேதான். ஏத்த மாட்டேன்."

"சரிம்மா."

"ஆஸ்பத்திரி ஆர்டருக்கு வேற ஆள் போடறேன். அவங்கதான் இனிமே பெரிய செக்கர். அவங்க சொல்றபடிதான் நீங்க கேக்கணும்."

"கேக்கறேம்மா."

"கொஞ்ச நாளைக்கு உங்ககிட்டப் பேச மாட்டேன்."

"சரிம்மா."

"மணி ரெண்டு அஞ்சு ஆயிடுச்சு. போங்க."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நடத்துநர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"எங்கம்மா?"

"போய்ட்டாங்க."

"வேலை?"

"இருக்கு."

"அப்ப நாளைக்கு நான் எதுல உக்காந்து டிவி பாக்குறது?"

ஜன்னலருகே தரையில் இரண்டு சக்கரத் தடங்கள் மட்டும் இருந்தன. அக்கா அவற்றுக்கு நடுவில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று வெயில் சுவரில் ஏறியதை அவர் பார்க்கவில்லை. அதற்குமுன் உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டார். நடத்துநர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தாராம், அவரே சொன்னார்.

கொஞ்ச நாள் என்பது பதினேழு நாள்களாயிற்று. புதிதாக வந்த பெரிய செக்கர் இருபத்தாறு வயதுப் பெண். அக்கா ஒட்டிய அம்புகளை மறுபடி சரிபார்த்தாள். அக்கா பொறுத்துக்கொண்டார். முதலாளியம்மா மேசையைக் கடந்து போகும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார். காலையில் 'எப்படி இருக்காங்க?' என்ற கேள்வி இல்லாதது, அந்தக் கேள்வி இருந்ததைவிட அக்காவுக்குக் கனமாக இருந்தது.

பதினெட்டாம் நாள் விடியற்காலை முதல் மழை. கடை ஜன்னலுக்கு வெளியே தெருவே தெரியவில்லை. இரண்டு மணிக்கு அக்கா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். முதலாளியம்மா கண்ணாடித் தடுப்பிலிருந்து தலையை நீட்டினார்.

"இன்னைக்குத்தான் மழையாச்சே. வெயில் வராதே."

"வராதும்மா."

"அப்புறம் எதுக்குப் போறீங்க? போயி என்ன பண்ணப் போறீங்க?"

"உக்காந்திருப்பேம்மா" என்று சொல்லிவிட்டு, அக்கா குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார்.